நாலரை சதவீதம்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் கீழ்பென்னாத்தூர் வந்தவன், வீட்டுக்கும் வந்தான். ஏழாம் வகுப்பில் என்னிடம் கணக்கு படித்தவன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு மின்சார வேலையில் இருக்கிறான். காபி குடித்துக்கொண்டே தெருமுனை டிரான்ஸ்பார்மரைக் காட்டி, "சார், அதுல மூணு பேஸும் ஒண்ணா ஷார்ட் ஆனா எத்தனை ஆம்பியர் ஓடும்?" என்றான்.

நான் டீச்சர் டிரெயினிங் படித்தவன். ஓம் விதியோடு என் மின்சாரம் முடிந்தது. "எனக்கெப்படிப்பா தெரியும்?" என்றேன். "நீங்க நடத்துன கணக்குதான் சார்" என்று பழைய காலண்டர் தாளைத் திருப்பி எழுத ஆரம்பித்தான்.

டிரான்ஸ்பார்மர் 100 கே.வி.ஏ. நமக்குக் கொடுக்கும் பக்கம் 433 வோல்ட். மூன்று பேஸ் என்பதால் 433ஐ 1.732ஆல் பெருக்க வேண்டும், 750 வருகிறது. 1,00,000ஐ 750ஆல் வகுத்தால் 133.3 ஆம்பியர். அதுதான் அதன் முழு பாரம். அடுத்து, பெயர்ப்பலகையில் இம்பிடன்ஸ் 4.5 சதவீதம் என்று இருக்குமாம். எதில் நாலரை சதவீதம் என்று கேட்டேன்.

சோதனை செய்யும்போது ஒரு பக்கத்து மூன்று முனைகளையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். மறுபக்கம் வோல்டைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுவார்கள். முழு பாரத்துக்கு உரிய கரண்ட் ஓடுகிற இடத்தில் நிறுத்திப் பார்த்தால், வழக்கமான வோல்டில் நூற்றுக்கு நாலரை பங்குதான் ஏறியிருக்கும். நாலரை பங்குக்கே 133.3 என்றால் நூறு பங்குக்கு? சாட்சாத் நேர்விகிதக் கணக்கு! 2,963 ஆம்பியர். மேலிருந்து வரும் லைன் சளைக்காமல் கொடுத்தால் இவ்வளவு.

எங்கள் வீட்டு எம்.சி.பி.யில் சின்னக் கட்டத்துக்குள் 10000 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினான். அத்தனை ஆம்பியர் வரை அறுத்துவிடும் என்று அர்த்தமாம். இத்தனை வருஷம் அது விலைக் குறியீடோ என்னவோ என்று இருந்தேன்.

"நிலத்துல இருக்கிற மோட்டார் ஷெட்டுலயும் இவ்வளவு ஓடுமா?" என்று கேட்டேன். "ஓடாது சார், கம்பி நீளம் பெரும்பகுதியைக் குறைச்சிடும். அப்பவும் சில நூறு ஆம்பியர் வரலாம்" என்றான். 5 எச்.பி. மோட்டாருக்கு வேண்டியது ஏழெட்டு ஆம்பியர்தான்.

அவன் போன பிறகு எனக்கு நெஞ்சு கனத்தது.

1994 கோடை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. வேர்க்கடலைக்குக் கடைசித் தண்ணீர் கட்டியாக வேண்டும். பீஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. அண்ணன் எரிச்சலில் செம்புக் கம்பி இழைகளை ஏழெட்டாக முறுக்கி பீஸ் கட்டையில் மாட்டினார். டார்ச் பிடித்தவன் நான். "இனி ஜென்மத்துக்கும் போவாது, என்னா வாத்தியாரே?" என்றார். "நல்லதாப் போச்சு" என்றேன். அதைச் சொன்னது வாத்தியார் வாய்.

மூன்றாம் நாள் மோட்டார் ஒயரில் தோல் தேய்ந்து பேஸ்கள் ஒட்டிக்கொண்டன. அண்ணன் ஸ்டார்ட்டரை அழுத்தியதும் தீ சீறியது. உருக வேண்டிய பீஸ் உருகவில்லை. பெட்டியும் ஒயரும்தான் எரிந்தன. அவர் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது. சாப்பாட்டைப் பிசையும்போது பார்த்திருப்பீர்கள். "விபத்து" என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தோம். நானும் அப்படியே.

திங்கட்கிழமை அந்தக் காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கணக்கைச் சொன்னேன். அன்றைக்கு நான் தடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"அது கிடக்கட்டும்டா. இப்ப ஷெட்டுல பையன் என்னா கம்பி போட்டிருக்கான்னு பாத்தியா?" என்றார்.

இருவருமாக வண்டியில் போய்ப் பார்த்தோம். முறுக்கிய செம்பு இழைதான்.




மெயினை அணைத்துவிட்டு, மாணவனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன அளவில் பீஸ் கம்பி வாங்கி மாட்டியாயிற்று. இந்த முறை டார்ச் பிடித்தவர் அண்ணன்.