நீர்கொழும்பு நண்டும் ஜவ்வரிசி போல ஒன்றும்

கட்டுநாயக்காவில் இறங்கி யாழ்ப்பாணம் போக முன், நம்மில் பல குடும்பங்கள் ஒரு இரவு நீர்கொழும்பில்தான் தங்குகிறோம். நேரமாற்றத்தில் பிள்ளைகள் விடியமுன்னமே எழும்பிவிடுவினம். அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மணல் நண்டு பார்க்க அதுதான் நல்ல நேரம். காலடி பட்டால் குழிக்குள் ஓடிவிடும். அசையாமல் நின்றால் திரும்ப வரும்.

செத்த மீன் கிடைத்தால் அதையும் தின்னும். இல்லாவிட்டால் மணலை வாயில் அள்ளி, ஒட்டியிருக்கும் பாசியையும் நுண்ணுயிர்களையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குட்டி உருண்டையாகத் துப்பும்.

அந்த உருண்டைகளுக்கு நடுவே ஜவ்வரிசி போல வெள்ளையாக ஏதும் தெரிகிறதா? அது பிளாஸ்டிக் குருணையாக இருக்கலாம். 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே நின்ற எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் தீப்பிடித்தது. அதில் சுமார் 1,680 தொன் குருணை இருந்தது. பிளாஸ்டிக் சாமான் செய்வதற்கான மூலப்பொருள் அது. நீர்கொழும்புக்குத் தெற்கே சரக்குவவில் குவியல் குவியலாக ஒதுங்கியது. மீனவர்களுக்குத் தொழிலும் போனது.

மேலே கிடந்ததைப் பெருமளவு அள்ளியாச்சு. ஆனால் கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை அதை அரித்துக்கொண்டு போகும்; காற்று மாறினால் திரும்பக் கொண்டுவந்து மூடும். அப்படி மூடுப்பட்ட குருணை, நண்டு குழி தோண்டும்போது மேலே வரலாம்.

முழுக் குருணை நண்டின் வாய்க்குப் பெரிசு. பிரச்சினை அது உடைந்த பிறகுதான். வெயிலில் காய்ந்ததும் தீயில் கருகியதும் லேசாக நொறுங்கும். மணல் பருமனுக்கு வந்துவிட்டால் நண்டு எப்படிப் பிரிக்கும்? பிரேசில் கடற்கரைகளில் இதே குடும்பத்து நண்டுகளின் வயிற்றில் பிளாஸ்டிக் துகள்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. மணலுக்குள் புதைந்ததை எடுக்க இன்னும் சல்லடையும் கையும்தான் வழி.

பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சோதனை காட்டலாம். அலை ஒதுக்கிய கோட்டிலிருந்து ஒரு பிடி மணலைப் போத்தலில் போட்டு, கடல் தண்ணி விட்டுக் குலுக்குங்கோ. மணல் அடியில் தங்கும். பாலிதீன் குருணை மிதக்கும். தேத்தண்ணி வடியால் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கோ. நண்டுக் குழியை மட்டும் மிதிக்க விடாதேங்கோ.