வாயிலில் நிற்போர்

நோய் ஒருவரைப் படுக்கையிற் கிடத்துகிறது. அவருடைய குடும்பத்தையோ வைத்தியசாலை வாயிலில் நிறுத்திவிடுகிறது. படுக்கையிற் கிடப்பவருக்கு மருந்துண்டு. வாயிலில் நிற்பவருக்கு என்ன உண்டு? இவ்வினாவோடுதான் ‘மிகைமெய்ம்மை’ எனப்படும் புதிய நுட்பத்தை நோக்க விழைகின்றேன்.

கண்முன் உள்ள காட்சியின்மீது கணினி வரைந்த உருவத்தையோ எழுத்தையோ பொருத்திக் காட்டுவதே மிகைமெய்ம்மை. 1968இல் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் கருவியொன்றால் இதற்கு வித்திட்டார். இன்று கைப்பேசிக் கமராவே போதும். கொரோனாத் தொற்றுப் பரவிய 2020இல், இலண்டன் இம்பீரியல் கல்லூரி சார்ந்த வைத்தியசாலைகளில் வைத்தியர் ஒருவர் ஹோலோலென்ஸ் என்னும் கண்ணாடியணிந்து நோயாளரை அணுக, ஏனையோர் வேறோர் அறையிலிருந்தே அவர் கண்டதைக் கண்டனர். வைத்தியருக்கு உதவிய நுட்பம் குடும்பத்தவருக்கும் உதவலாகாதா?

உடப்பில் கரைவலை இழுத்து வாழ்ந்த என் பெரியப்பாவுக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை நடந்த நாளில், பெரியம்மாவும் நானும் வைத்தியசாலையொன்றின் தாழ்வாரத்தில் இருந்தோம். வைத்தியர் சிங்களத்திற் கூறியவற்றுட் பாதி எமக்கு விளங்கவில்லை. வயிற்றை வெட்டப் போகிறார்கள் என்பது மட்டுமே பெரியம்மாவின் நெஞ்சில் நின்றது. சிறிது தமிழறிந்த தாதியொருவர் அருகில் வந்தமர்ந்து, தம் வயிற்றின்மீதே விரலாற் கோடிட்டு, குடல் எவ்விடத்திற் பிதுங்குகிறது, எவ்விடத்தில் தைப்பார்கள் என்று காட்டினார். பெரியம்மாவின் கைந்நடுக்கம் தணிந்தது. அத்தாதி செய்ததும் மெய்யின்மீது படம் வரைந்ததே. கருவி மாத்திரம் இருக்கவில்லை.

தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் சட்டத்திலுள்ள மொழி நோயாளர் விடுதிவரை எப்போதும் வந்து சேர்வதில்லை. அவ்விடைவெளியை இந்நுட்பம் ஓரளவு நிரப்பலாம். பத்தலங்குண்டுத் தீவிலிருந்து படகேறி வரவேண்டிய மனைவிக்கும், வளைகுடா நாட்டில் வீட்டுப்பணி புரியும் மகளுக்கும், நடப்பது இன்னதென்று காட்டித் தமிழில் உரைக்கலாம். அறியாமையால் விளையும் அச்சம் அறிவித்தால் குறையும்.

எல்லாத் துயரும் அத்தகையதன்று. 2020 ஏப்பிரலில் விதிக்கப்பட்ட கட்டாய எரியூட்டலால், தொற்றினால் இறந்த முஸ்லிங்களின் குடும்பத்தவர் தம்மவரை அடக்கஞ் செய்யவும் இயலாது தவித்தனர். 2021 பெப்ரவரியிலேயே அடக்கத்திற்கு அனுமதி கிடைத்தது. ஆணை தந்த அத்துயரை எந்தக் கண்ணாடி ஆற்றியிருக்கும்? அருகில் நிற்கும் உரிமையைக் கொடாது உருவத்தை மட்டும் கொடுப்பது ஆறுதலாகாது.

இவ்வெல்லையை உணர்ந்து, நம் பல்கலைக்கழகங்களின் மருத்துவ, கணினி, தமிழ் மாணவர்கள் ஒன்றுகூடிப் பத்துச் சிகிச்சைகளுக்கேனும் இத்தகைய விளக்கங்களைத் தமிழில் ஆக்கலாம். ஆக்கும்போது அகராதியை மட்டும் புரட்டாது உடப்பிலும் கற்பிட்டியிலும் உள்ள தாய்மாரையும் கேட்கவேண்டும். ஒரு நோயை அவர்கள் எப்பெயரால் அழைக்கிறார்களோ, அப்பெயரிற் சொன்னாலன்றி அவர்கள் அச்சம் தீராது.