கணக்கு திறக்காத காலை

ஓய்வுக்குப் பிறகு நான் கணக்குப் பார்ப்பது என் தங்கை மகனுடைய பெயிண்ட் கடையில் மட்டும்தான். கடையில் நாலு கம்ப்யூட்டர், உள்ளறையில் ஒரு சர்வர். கணக்கு மென்பொருளின் உயிர் அந்தச் சர்வரில்தான் இருக்கிறது.

போன மாதம் 19-ஆம் தேதி காலை நாலு கம்ப்யூட்டரிலும் கணக்கு திறக்கவில்லை. மறுநாளுக்குள் ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி. பையன் சர்வரை மூன்று தடவை அணைத்துப் போட்டுவிட்டான். போனில் வந்த டெக்னீஷியன், எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யலாம் என்றார்.

"நிறுத்துடா. முதலில் டேட்டாவை வெளி டிஸ்கில் ஒரு காப்பி எடு" என்றேன்.

"மாமா, நேரம் இல்லை."

"ஆறு வருஷக் கணக்கு போனால் நேரம் இருக்குமா?"

எடுத்தான். பிறகு விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். கணக்கு சர்வீஸை ஓடவைத்தால் 1068 என்று பிழை வந்தது. தான் நம்பியிருக்கும் வேறொரு சர்வீஸ் ஓடவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்த வேறொன்று டேட்டாபேஸ். அதை ஓடவைத்தால் 1069, அதாவது உள்நுழைய முடியவில்லை. ஈவென்ட் வியூவரில் பார்த்தோம். அங்கேயும் அதே வரிசைதான், டேட்டாபேஸ் முதலில், கணக்கு அடுத்து. எப்போதும் முதலில் விழுந்ததைத்தான் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து வருவதெல்லாம் அதன் வால்.

(புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தோஷம். கம்ப்யூட்டரின் லாகுக்கும் கணக்கின் தினக்குறிப்புக்கும் பிரெஞ்சில் ஒரே சொல், ழுர்னால். லெட்ஜரோ கிராந் லீவ்ர், பெரிய புத்தகம். நம் பேரேடு!)

உள்நுழைய ஏன் முடியவில்லை? ஆபீசில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். அதிகாரி மாற்றலாகிப் புதியவர் வருவார். அவருடைய மாதிரிக் கையொப்பம் கருவூலத்துக்குப் போய்ச் சேரும் வரை அவர் போடும் பில் திரும்பி வரும். பில்லில் ஒரு காசு பிசகு இருக்காது. கையொப்பம்தான் ஒத்துப்போகாது.

விண்டோஸில் ஒவ்வொரு சர்வீஸும் ஏதோ ஒரு பயனர் பெயரில்தான் ஓடுகிறது. டேட்டாபேஸ் ஓடியது அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரில். பத்து நாள் முன்பு, வேலையை விட்டுப் போன பையனுக்குத் தெரிந்திருக்குமே என்று, அந்தக் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சர்வீஸின் குறிப்பில் பழைய சொல்லே இருந்தது. ஓடிக்கொண்டிருந்த சர்வீஸை யாரும் மறுபடி கேட்கவில்லை. அதுவும் பத்து நாள் ஓடிவிட்டது. 18-ஆம் தேதி இரவு அப்டேட் வந்து சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆனபோதுதான் வாசலில் நிறுத்தப்பட்டது. அதனால்தான் எல்லோரும் அப்டேட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

லாக் ஆன் என்ற தாவலில் புதிய கடவுச்சொல்லை இரண்டு முறை அடித்து, டேட்டாபேஸை ஓடவைத்து, பிறகு கணக்கு சர்வீஸை ஓடவைத்தோம். வேலை ஐந்து நிமிடம். அன்று மாலையே 3பி போய்விட்டது.

இப்போது டேட்டாபேஸுக்கென்று குறைந்த அதிகாரத்தோடு தனிப் பயனர் ஒன்று உண்டாக்கியிருக்கிறான். கடவுச்சொல் ஒட்டிய கவரில் கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது. எனக்குக்கூடச் சொல்லவில்லை. அதுவும் சரிதான்.