இகாமா கணக்கு



2017 ஜூலையில் சவூதி அரசு, அங்கு வேலை செய்யும் வெளிநாட்டவரின் குடும்பத்தார் மீது புதிய கட்டணம் விதித்தது. இகாமாவில் சேர்ந்துள்ள மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால். ஆண்டுக்கு நூறாக ஏறி 2020இல் 400. அப்போது இகாமாவைப் புதுப்பிக்கும்போதே ஆண்டுத் தொகை முழுவதையும் முன்கூட்டிச் செலுத்த வேண்டியிருந்தது.

தம்மாமில் இருக்கும் என் தங்கை கணவர் தொலைபேசியில் அழைத்தார். "நீங்களே ஒரு வழி சொல்லுங்க மச்சான்" என்றார். அவரைச் சார்ந்தோர் நால்வர். முதலாண்டு 4,800 ரியால், நான்காம் ஆண்டில் 19,200. "குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிடுங்கள், வீட்டுக் கடனாவது அடையும்" என்றேன். கணக்கில் பிழையில்லை. கட்டணத்தைக் குறை கூறவும் எனக்கு மனமில்லை. ஒரு நாட்டில் அனுமதி பெற்றுத் தங்குவது உடன்படிக்கை. அதை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை. அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் தந்தையின் வேலை உள்ளவரைதான் இகாமா.

மறுஆண்டு தங்கையும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். மூத்தவன் என் மதரஸாவிலேயே சேர்ந்தான். ஓதுவதில் குறையில்லை, தமிழில் தன் பெயரை எழுதத்தான் திணறினான்.

ஒருநாள் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் புலம்பியதை இரவு உலாவில் கேட்டார்கள். ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, வீரர்கள் வீடு திரும்பத் தவணை வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடும்.

வகுப்பில் என்னை ஹஜ்ரத் என்றே அழைக்கும் பையன், அன்று மறந்துவிட்டான். "மாமா, வாப்பா போய்ப் பதினோரு மாசம் ஆச்சே?"

மனைவி மனமொப்பினால் கணவர் கூடுதல் காலம் தங்கலாம் என்று விடை சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ரியாலைப் பற்றி மச்சானிடம் எத்தனையோ முறை பேசிய நான், தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றிரவு கேட்டேன். "இப்பவாவது கேட்டீங்களே காக்கா" என்றவள், பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மச்சானை அழைத்து, மீதிக் கடன், அவர் ஊரோடு வந்தால் கிடைக்கக்கூடிய வருமானம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் அவளே எழுதினாள். இன்னும் முடிவாகவில்லை. அவருடைய இகாமா முடிய ஐந்து மாதம் இருக்கிறது.