தராசின் மறுதட்டு

கொருக்குப்பேட்டைப் பக்கம் இப்போது போனாலும் அந்தச் சந்துமுனையில் கால் தானாக நின்றுவிடுகிறது. 2017 ஏப்ரல் முதல் வாரம். ஜெயலலிதா மறைந்ததால் காலியான ஆர்.கே. நகர் தொகுதிக்கு இடைத்தேர்தல். வெளியூர்க் கார்களும் கரைவேட்டிகளும் தெருவை அடைத்திருந்தன. எங்கள் பறையொலி கேட்டதும் முதலில் குழந்தைகள் ஓடிவந்தார்கள். பின்னால், இடுப்பில் குடத்தோடு பெண்கள்.

எங்கள் வீதி நாடகத்தில் வசனம் குறைவு. நடுவே ஆளுயரத் தராசு. ஒரு தட்டில் காகிதத்தில் செய்த நோட்டுக்கட்டு, மறுதட்டு காலி. “இதுல என்ன வைப்பீங்க?” என்று கூட்டத்தைக் கேட்போம். யாருக்கும் புத்தி சொல்வதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஒருத்தி காய்ந்த குடத்தை வைத்தாள். ஒரு பையன் நைந்த செருப்பைக் கழற்றி வைத்தான். எழுந்த சிரிப்பு மெல்ல அடங்கியது.

அந்தக் கூட்டத்தில், காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் ஓர் ஆயா நின்றிருந்தாள். வெற்றிலைக் காவியேறிய பற்கள், கழுவினாலும் மீன்வாடை போகாத விரல்கள். அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கொட்டியிருந்தது. கரையில் ஒதுங்கிய கருங்குழம்பை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். மீன் என்றாலே ஜனங்கள் பயந்தார்கள். கொண்டுபோன கூடை அப்படியே திரும்பிவர, அவளுக்குத் தண்டல் கடனின் வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

திடீரென்று தெருவிளக்கு அணைந்தது. பைக்குகள் உறுமிக்கொண்டு வந்தன, எவனோ பறையைப் பிடுங்கினான், தராசு சாய்ந்தது, குடங்கள் உருண்டன, குழந்தைகள் அலறின, ஒரு கை என் சட்டையைப் பற்றி இழுத்தது, கதவு சாத்திக்கொண்டது.

இழுத்தது ஆயாதான். உள்ளே கருவாட்டு மணம், மண்ணெண்ணெய் மணம். வெளியே, வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் பெயராகப் படிக்கும் குரல்.

“வாங்கலன்னா நம்ம பேர்ல கோடு போட்டுக்குவாங்க நைனா. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வருவா?”

அவள் மடியில் பணம் வைத்த உறை இருந்தது. விலைபோன ஜனங்கள் என்று மேடையில் எவராவது பேசும்போது இன்றும் ஆயாவின் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது. அந்தப் பணத்தோடு மிரட்டலும் சேர்ந்தே வந்தது.

மறுநாள் மாலை, கட்டுப்போட்ட தராசை மறுபடி நிறுத்தினோம். ஆயா வந்தாள். கறுத்த கடல்நீர் நிரம்பிய புட்டியை மறுதட்டில் வைத்தாள். தட்டு சட்டென்று இறங்கியது. “இதுக்கு யார்னா பதில் சொல்லட்டும்” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

ஏப்ரல் 7 அன்று ஓர் அமைச்சர் வீட்டில் வருமான வரிச் சோதனை நடந்தது. 89 கோடி ரூபாய்ப் பட்டுவாடாவைக் காட்டும் தாள்கள் சிக்கியதாகச் செய்தி வந்தது. 9ஆம் தேதி இரவு தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. கார்கள் போய்விட்டன, குழாயில் தண்ணீர் வரவில்லை. டிசம்பர் 21 அன்று தேர்தல் நடந்தபோது, இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது.

வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். மறுக்கத் துணிகிற ஒருத்திக்கு, விளக்கணைந்த அந்த இரவில், அந்தத் தெருவில் துணையில்லை. அவள் தனியாள் இல்லை என்று பத்துப் பேர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். அதற்காகத்தான் தேர்தல் வந்தால் இன்றும் பறையோடு போகிறோம்.