மூன்று பிளேட்டுகள்

ஓய்வு பெற்ற அன்று தேநீர் நேரத்தில் இளம் பொறியாளர் ஒருவர் கேட்டார்: "கிரைண்டிங் மெஷின் இருக்கும்போது கையால் இரும்பைச் சுரண்டுவது எதற்கு?" கவென்ட்ரியில் நாற்பது ஆண்டுகள் ஸ்கிரேப்பர் பிடித்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? கிரைண்டிங் மட்டும் செய்த லேத் பெட்டில் எண்ணெய் தங்காது. அதன் மேல் ஓடும் சாடில் ஒட்டி ஒட்டி நகரும். சுரண்டிய பரப்பின் சிறு குழிகள்தாம் எண்ணெயைப் பிடித்து வைக்கும். இதுகூடத் தெரியாமல் எப்படிப் பட்டம் கொடுக்கிறார்கள்?

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் டூல்ரூம் சார்ஜ்ஹேண்ட், அதாவது தொழிலாளர் குழுத் தலைவர். முதல் நாளே மூன்று வார்ப்பிரும்பு பிளேட்டுகளை எடுத்து வைத்தார். இரண்டை மட்டும் உரசிச் சரிசெய்தால் ஒன்று குழியும், மற்றது புடைக்கும். இரண்டும் கச்சிதமாகப் பொருந்திப் பொய் சொல்லும். மூன்றாவது வந்தால்தான் குட்டு வெளிப்படும். பொறியாளர் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் அறிஞர்கள் முன் படித்த கட்டுரை இந்தச் சமதளம் பற்றித்தான். பிளேட்டுகளை உரசும்போது நீல மை ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்ட வேண்டும், சதுர அங்குலத்துக்கு இருபது புள்ளி வரும்வரை. என் பிளேட்டின் ஒரு மூலை ஆறு வாரம் அடங்கவில்லை. ஏழாவது வாரம் அவர் பிளேட்டில் ஊன்றியிருந்த என் இடது கையைத் தட்டிவிட்டார். உள்ளங்கைச் சூட்டில் இரும்பு வீங்கியிருக்கிறது. வீங்கியதைச் சுரண்டிவிட்டு, ஆறியபின் பள்ளம் பள்ளம் என்று புலம்பியிருக்கிறேன். அத்தனை வாரமும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதன்பின் ஒரு நாளும் நான் மறக்கவில்லை.

பிரிட்டிஷ் தொழிலின் பலம் இப்படிப்பட்ட மனிதர்கள். பலவீனம் மாடியில் இருந்தது. எங்களுக்கு ஒரு கேன்டீன், அலுவலகத்தாருக்கு வேறொன்று. என் சார்ஜ்ஹேண்டிடம் ஒரு யோசனை கேட்டு எந்த டைரக்டரும் படியிறங்கி வந்து நான் பார்த்ததில்லை. ஜெர்மனியில் மைஸ்டர், அதாவது தேர்ந்த தொழில்வல்லுநர், என்பது சட்டம் மதிக்கும் தகுதி. இங்கே கணக்காளர் பேச்சுதான் எடுபடும். புது மெஷின் கேட்டால், பழையது ஓடுகிறதே என்பார். எங்கள் சங்கங்களையும் சொல்லியாக வேண்டும்: டர்னர் வேலையை ஃபிட்டர் தொட்டால் சண்டைதான். எங்கள் ஊர் ஆல்ஃபிரட் ஹெர்பர்ட், உலகின் மிகப்பெரிய இயந்திரக் கருவி நிறுவனங்களில் ஒன்றாக இருந்தும், 1980களின் தொடக்கத்தில் மறைந்தே போனது.

2017 முதல் பிரிட்டனில் பெரிய நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 0.5 சதவீதம் தொழில் பயிற்சிக்கு வரி கட்டுகின்றன. அந்தப் பணத்தில் மேலாளர் படிப்புக்கும் ஆள் அனுப்பினார்கள். ஸ்கிரேப்பர் பிடிக்க ஒரு பையன் வேண்டும் என்று நான் மூன்று முறை எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

நான் விலகிய மாதமே டூல்ரூமைக் காலி செய்தார்கள். பிளேட்டுகளைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டார்கள். ஒன்றை மட்டும் விலை கொடுத்து வாங்கி வந்தேன். கொட்டகையில் எண்ணெய் பூசி, துணி போர்த்தி வைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் இல்லாமல், அது இன்னும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை.