கணக்கில் வராத சபை

சபை வளருதுன்னு எதை வச்சுச் சொல்றது? எங்க சேரிக்கு ஞாயித்துக்கிழமை வந்து பாருங்கள். கோயில் நிறைஞ்சு வேப்பமரத்தடி வரைக்கும் சனம் உட்கார்ந்திருக்கும். அரசாங்கக் கணக்கிலோ இவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவரே இல்லை.

1950ஆம் ஆண்டு ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில்லை என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. நமக்குத் திறக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கிய பறையன் தமிழ்நாட்டில் காகிதத்தில் பிற்படுத்தப்பட்டவன் ஆகிறான். ஊர்த்தெருவில் பறையனாகவே இருக்கிறான். அடிபட்டால் வன்கொடுமைச் சட்டமும் கைகொடுக்காது.

அதனால் எங்க அம்மாவுக்குக் கோயில் பதிவேட்டில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர். "எது நம்ம பேருன்னு சாமிக்குத் தெரியாதாடா?" என்பாள். போதகர்கள் இதை வேஷம் என்கிறார்கள் (மாசச் சம்பளக்காரர்களுக்குச் சொல்லச் சுலபம்). 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விசுவாசமில்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. அம்மாவின் விசுவாசத்தை எந்தக் கோர்ட்டு அளக்கும்?

மிஷனரி வந்துதான் சபை முளைத்தது என்பதும் அரைக்கதை. மயிலாடியில் வேதமாணிக்கம் என்ற சாம்பவர் தேடிப்போய் அழைத்துத்தான் 1806இல் ரிங்கல்தௌபே வந்தார். 1816இல் அவர் போனபிறகு சபையைத் தாங்கியதும் வேதமாணிக்கமே.

எங்க ஊரிலும் அப்படித்தான். பிரசங்கம் கேட்டுச் சேர்ந்தவர்கள் கொஞ்சம். பொதுப்பாதையில் எங்கள் பிணத்தை மறித்த அன்று, சபையார் இருட்டும்வரை பாடையோடு நின்றார்கள். அடுத்த வாரம் ஏழு குடும்பம் புதுசாக வந்தது. அவர்கள் பேரைப் பதிவேட்டில் எழுதலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.